ஐந்தாவது டப்பா

இது நடந்தது. எனக்கே நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், நான் கெஞ்சப் போவதில்லை. பயந்துபோய் உளறுகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் கணிதம் படித்தவள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். மிதித்து என்ன கண்டேன் என்பது வேறு விஷயம்.

ஏற்காட்டில் காபி எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் இருக்கிறோம். எத்தனையோ இடத்தில் கேட்டும் வேலை கிடைக்கவில்லை. ஆன்லைன் கேம்களுக்குத் தமிழில் டிப்ஸ் போடும் தளம் ஒன்று சேலத்தில் இருந்தது. அதை நடத்தும் யுவராஜ் ஃபோனில் சொன்னான்: "கல்லெறி ஸ்டேஜ்ல எல்லாரும் மாட்டிக்கிட்டு நிக்கறாங்க மேடம். நீங்க ஜெயிச்சு, எப்படின்னு எழுதிக் குடுங்க. இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள வந்துருச்சுன்னா வேலை உங்களுக்குத்தானுங்க."

வராவிட்டால் என்ன ஆகும் என்பதை அம்மா சொன்னாள். "எஸ்டேட் கணக்கெழுதற ரைட்டர்கிட்ட உம்பேரக் குடுத்துப்போட்டேன் சுகுணா. திங்கக்கெழம எங்கூடக் காப்பிப் பழம் பறிக்க வா." வாசல் தாண்டியவள் திரும்பிப் பார்த்தாள். "ஃபோன்ல கல்லெறியறதுக்கா கண்ணு காலேஜுக்குப் போனே?"

கதவைச் சாத்தினேன்.

அந்த ஸ்டேஜ் பார்க்க எளிதாகத்தான் இருக்கும். மலைச்சரிவில் ஒரு பரண். அதன் மேல் நாம். கையில் கவண். எதிரே பனிமூட்டத்துக்குள் ஐந்து தகர டப்பாக்கள் தொங்கும். ஐந்தையும் கல்லால் அடிக்க வேண்டும். நான்கு கண்ணுக்குத் தெரியும். ஐந்தாவது தெரியாது. அது ஆடும் சத்தம் மட்டும் கேட்கும். எல்லோரும் தோற்பது அதில்தான்.

மதியம் மூன்று மணி. வெளியிலும் பனி இறங்கியிருந்தது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு எறிந்தேன். தோற்றேன். மறுபடியும் எறிந்தேன். மறுபடியும் தோற்றேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"திட்டினா கல்லு போயிருமாங்க?"

பெண் குரல். என் வயதுதான் இருக்கும். சிரித்தாள். கூட விளையாடுகிற யாரோ மைக்கில் பேசுகிறாள் என்று நினைத்தேன்.

"யாருங்க?"

"வாழவந்தி ஊரு சிவரஞ்சனிங்க. கவண ரெண்டு சுத்துக்கு மேல சுத்தாதீங்க. காத்து நின்னதும் விடுங்க."

சொன்னபடி செய்தேன். டங்... டங்... டங்... டங்.

நான்கும் போயின. "அஞ்சாவதுக்கு?"

"மொதல்ல ஒரு கூப்பாடு போடுங்க. பனியில எறியறதுன்னா எங்கூர்ல அப்படித்தானுங்க. காட்டுக்குள்ள ஆள் இருந்தா பதில் கொரல் குடுப்பாங்க. கொரல் வந்தா எறியக் கூடாதுங்க."

"கேமுக்குள்ள ஆளா?" இப்போது நான் சிரித்தேன். "எங்க அடிக்கோணும்? அத மட்டும் சொல்லுங்க."

கவணை இரண்டு சுற்றுச் சுற்றினேன்.

பனிக்குள் டப்பா ஆடியது. இலையிலிருந்து நீர் சொட்டியது. பிறகு... காலடிச் சத்தம்.

எறிந்தேன்.

டங் வரவில்லை.

பொத்.

"அம்மா..." அவள் குரல்.

திரையில் வெற்றி என்று வந்தது.

யார் யார் விளையாடுகிறார்கள் என்று பார்த்தேன். நான் ஒருத்திதான். என் மைக் அணைந்திருந்தது. ஆரம்பத்திலிருந்தே.

கல்லெறிந்த கையால்தான் டிப்ஸ் எழுதினேன். கூப்பாட்டை மட்டும் எழுதவில்லை. ஜெயிக்க அது தேவைப்படவில்லை. யுவராஜ் அன்றே தளத்தில் போட்டான். வேலை கிடைத்தது.

மறுநாள் கமெண்ட்கள் வந்தன.

"சூப்பர்ங்க. ஜெயிச்சாச்சு."

"நானும். ஆனா கடைசியா டப்பா சத்தம் வரலயே?"

"எனக்கும் வரல. யாரோ அம்மான்னு கத்தறாங்க. கேமே அப்படித்தானா?"

வாழவந்திக்குப் பஸ் ஏறினேன். டீக்கடையில் அவள் பெயரைச் சொன்னதும் பேச்சு நின்றது. அங்கே உட்கார்ந்திருந்த அவளுடைய அண்ணன் விஜயகுமார் என்னை வெளியே அழைத்துப் போனார்.

"காட்டுப்பன்னி வந்துருச்சுன்னு பக்கத்துக் காட்டுக்காரரு எறிஞ்சுபோட்டாருங்க. நொம்பப் பனி. அவசரத்துல கூப்பாடு போடல. கல்லு இவ நெத்தியில..." நிறுத்தினார். "அவ போய்ச் சேந்து மூணு வருசமாச்சு. உங்களுக்கு எப்படிங்க பழக்கம்?"

"ஃபோன்ல பேசினாங்க. கேம் ஆடறப்போ."

என்னையே பார்த்தார்.

"அவ கையில ஃபோனே இருந்ததில்லீங்க."

திரும்பும் பஸ்ஸிலேயே டிப்ஸில் ஒரு வரி சேர்த்தேன். எறிவதற்கு முன் கூப்பிடுங்கள், குரல் வந்தால் எறியாதீர்கள்.

சாயங்காலம் யுவராஜ் கூப்பிட்டான். "அந்த வரிய எடுங்க மேடம். அதப் படிச்சவங்க ஒருத்தரும் ஜெயிக்கல."

"ஏன்?"

"கூப்பிட்டா பதில் வருதாம்."

"எடுக்க மாட்டேன்."

"அப்ப நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

திங்கட்கிழமை அம்மாவோடு பழம் பறிக்கப் போனேன்.

அந்த வரியை அவனே எடுத்துவிட்டான். மற்ற டிப்ஸ் என் பெயரில் இன்னும் அங்கே இருக்கிறது.

தினமும் யாராவது ஜெயிக்கிறார்கள்.