சட்டையைக் கழற்றிவிட்டு வந்தவர்

சிதம்பரம் பேருந்து நிலையத்தில் முட்டி மோதிக் குறிஞ்சிப்பாடி பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடித்திருந்தேன். பஸ் கிளம்பியதும் அம்மா போனில் அழைத்தார். “கடலோரக் காவல் ஏட்டு தனசேகர் செத்துப்போயிட்டாராம் பிள்ளை. டூட்டி முடிஞ்சு வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, உட்கார்ந்தவராம். பிறகு எழும்பவே இல்லையாம்.” வழக்கமாகக் கண்டக்டரைக் கலாய்க்காமல் டிக்கெட் வாங்காத எனக்கு, அன்று ஊர்ப் பெயர்கூட வாயில் வரவில்லை.

கடலூர்த் துறைமுகத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் எங்கள் குறிஞ்சிப்பாடி அகதி முகாம்காரர்களுக்கும் இதை எழுதுகிறேன். முகாமில் எல்லாருக்கும் இது பிடிக்காது. “எங்களைப் பிடிச்சவனுக்கு அஞ்சலியோ?” என்று மாமா கேட்டுவிட்டார். அவர் பிடிக்காமல் விட்டிருந்தால் இப்படிக் கேட்க நீங்கள் இருந்திருக்க மாட்டீர்கள், மாமா.

முகாமிலேயே பிறந்த எனக்கு இலங்கையும் தெரியாது, ஆஸ்திரேலியாவும் தெரியாது. இருக்கிற ஆஸ்தியை விற்றால்தான் ஆஸ்திரேலியா போலிருக்கிறது என்று வீட்டில் சொல்லித் திட்டு வாங்கினேன். எங்களைக் கள்ளத்தனமாக அங்கே அனுப்ப வந்த ஏஜென்ட் கப்பல் என்றான். ஏறிப் பார்த்தால் மீன் கப்புதான் அடித்தது. விடியும்போது கிளம்பினோம். கரை மறைந்த கொஞ்ச நேரத்திலேயே அந்த விசைப்படகின் அடியில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. ஓட்டியவன் பயந்துபோய்ப் படகைத் திருப்பி, வெள்ளாற்று முகத்துவாரத்தை நோக்கி ஓட்டினான். அங்கே மணல்மேட்டில் அலை உடைந்து வெள்ளையாகப் புரண்டுகொண்டிருந்தது. இவ்வளவு பாரத்தோடு அதற்குள் நுழைந்தால் படகு கவிழ்ந்துவிடும் என்பது எங்களுக்குத் தெரியாது. கரை தெரிகிறதே என்று சந்தோஷப்பட்டோம்.

அப்போதுதான் காவல் படகு வந்தது. “பொலீஸ்!” என்று யாரோ கத்த, எல்லாரும் எழுந்து ஒரே பக்கமாக வந்தார்கள். படகு சாய்ந்தது. கடல் என் முழங்கைக்குக் கீழே வந்து நின்றது. அதன் பச்சையை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். கத்த வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

காவல் படகு தூரத்திலேயே இன்ஜினை அணைத்துவிட்டது. அதன் முனையில் ஒருவர் காக்கிச் சட்டையைக் கழற்றிப் பின்னால் எறிந்துவிட்டு, வெறும் பனியனோடு கை ஒலிபெருக்கியைத் தூக்கினார்.

“டிரைவர் தம்பி, இன்ஜின நிறுத்துப்பா. எழுந்திரிச்சவுங்க உக்காருங்க! நீலச் சட்ட மாமா, உங்களத்தான், ஜாஸ்தி அவசரமா? அக்கா, கொழந்தயத் தூக்கிக் காட்டாதீங்க, மடியில வைங்க. நான் எங்கயும் போவல, நீங்களும் எங்கயும் போவ முடியாது. உக்காந்து பேசுவோம்.”

இன்ஜின் நின்றது. நீலச் சட்டை என் மாமாதான். அவர் உட்காரவில்லை. அவரைப் பார்த்து மற்றவர்களும் உட்காரவில்லை. அலை எங்களை மணல்மேட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது.

“எந்த ஊரு நீங்கள்லாம்?” என்று கேட்டார், டீக்கடையில் கேட்பதுபோல.

குரல் எங்கிருந்து வந்ததோ, “அதக் கண்டுபிடிக்கத்தான் சார் கெளம்புனோம்!” என்று கத்தினேன்.

அவர் ஒலிபெருக்கியிலேயே சிரித்துவிட்டார். “யாரு அது? குறிஞ்சிப்பாடி வாய் மாதிரி இருக்குது! ஏ வாயாடி, அந்த மாமாவ இழுத்து உக்கார வையி.”

நீலச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். மாமா படகுக்குள் ஏறியிருந்த தண்ணீரில் பொத்தென்று உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். படகு மெல்ல நிமிர்ந்தது. அதற்குப் பிறகுதான் பனியன்காரர் எங்களைக் கரைக்கு இழுக்கக் கயிற்றை வீசச் சொன்னார்.

வழக்குக்காகக் கடலூர்க் கோர்ட்டுக்குப் போனபோதெல்லாம் அவரைப் பார்த்தேன். “பனியன் போலீஸ், இன்னிக்கி ஏன் சார் சட்டை?” என்று ஒருநாள் சீண்டினேன்.

“சட்டையோட போனா எழுந்திரிச்சுடுறாங்க. பனியனோட போனா, யாரோ மச்சான் வரான்னு கொஞ்சம் யோசிப்பாங்க. அது போதும்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஒருவாட்டி சைரன் போட்டுக்கிட்டே கிட்டப் போனோம். எல்லாரும் ஒரே பக்கம் வந்துட்டாங்க.” கையிலிருந்த டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டார்.

“சாருக்கே பயமா?” என்றேன்.

“பயம் இல்லாதவனக் கடல்ல வுடக் கூடாது, வாயாடி.”

இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. முகாமுக்கு வேறொரு ஏஜென்ட் வந்து போகிறான். மாமா அந்த நீலச் சட்டையை மடித்துப் பைக்குள் வைத்ததைப் பார்த்தேன். போகவேண்டாம் என்றால், “முகாம் பதிவேட்டில கையெழுத்துப் போட்டுப் போட்டே சாகச் சொல்றியோ?” என்கிறார்.

துறைமுகத்தில் இருப்பவர்களே, அந்தப் படகு உங்கள் கண்ணில் பட்டால் தூரத்திலேயே இன்ஜினை அணைத்துவிடுங்கள். யாராவது ஒருவர் சட்டையைக் கழற்றிவிடுங்கள். நீலச் சட்டைக்காரர் கடைசிவரை நிற்பார். மாமா என்று கூப்பிட்டுப் பாருங்கள். இழுத்து உட்கார வைக்க இந்த முறை பக்கத்தில் நான் இருக்கமாட்டேன்.

அன்று பஸ்ஸில் அம்மா சொன்னதைக் கேட்டதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். பஸ் ஓடிக்கொண்டிருந்தது. எங்கே போக எழுந்தேன் என்று தெரியவில்லை. எழுந்திரிச்சவுங்க உக்காருங்க என்று அவர் குரல் கேட்டது. உட்கார்ந்தேன். தனசேகர் சாரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் குரல்தான்.