கடைசியில் வந்த முதல் சுருள்

எங்கள் தெருப் பூண்டு வியாபாரியின் சரக்குக் கிட்டங்கியில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் ஊமைப்படம் ஓடும். நாடு திரும்பிய வெள்ளைக்கார ஆசிரியை ஒருவர், ஆண்டுக்கணக்கில் தமக்குக் காய்கறி கொடுத்துவந்த வியாபாரியிடமே படம் காட்டும் கருவியையும் ஒரு பெட்டி நிறையச் சுருள்களையும் விட்டுச் சென்றிருந்தார். சந்தை முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கும் பூம்பாறை ஊர்க்காரர்கள் வெறுஞ்சாக்குகளின் மேல் உட்கார்ந்துகொள்வார்கள். சன்னல்களைக் கம்பளியால் மறைத்திருந்தாலும் இடுக்கு வழியே மூடுபனி நுழைந்துவிடும். கருவியின் ஒளி அந்தப் பனியில் தோய்ந்து, வெள்ளையடித்த சுவர்வரை நீண்டு தெரியும்.

மதுரையில் இலக்கியம் படிக்கும் நான் அந்தக் கோடை விடுமுறைக்குக் கொடைக்கானல் வந்திருந்தேன். படத்தின் நடுவே தோன்றும் ஆங்கில வரிகளைத் தமிழில் சொல்லும் பொறுப்பை அப்பா எனக்கு வாங்கித் தந்துவிட்டார். நான்கு பேர் முன்னால் குரலெழுப்பத் தயங்குகிறவள் நான். ஆனால் சொல் பிசகக் கூடாது என்பதில் பிடிவாதம் உண்டு. முதல் வாரம், காதலனைப் பிரியும் பெண்ணின் வரியை நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். "இவ்விடத்தினின்று நீர் அகன்றபின் எனக்கு உறக்கம் ஏது?"

முன்வரிசையிலிருந்த பூம்பாறை அம்மா திரும்பிப் பார்த்தார். "அவ மூஞ்சியிலயே எல்லாம் கெடக்கு. நீ எதுக்குத் தாயி தொண்டத்தண்ணி வத்தக் கத்துற?"

கிட்டங்கி முழுவதும் சிரித்தது. அதன்பின் சுருக்கமாகச் சொல்லக் கற்றுக்கொண்டேன்.

கிட்டங்கியில் பூண்டு தரம் பிரிக்கும் பெண் ஒருத்தி எப்போதும் கதவோரம் உட்கார்ந்து பார்ப்பாள். முப்பத்தைந்து வயதிருக்கும். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். இரு நாட்டு ஒப்பந்தப்படி அவளுக்கு இந்தியா வரக் குடியுரிமைத் தாள் கிடைத்தது. கணவருடைய தாளில் ஏதோ சிக்கல் வந்து, அவர் அங்கேயே நிறுத்தப்பட்டார். மலைக்கு ஏறும் எந்தப் பேருந்தும் பெருமாள்மலையில் நின்றுதான் போகும் என்பதால் அங்கேயே ஒரு தேநீர்க்கடைக்குப் பின்னால் அறை எடுத்திருந்தாள். அந்த விலாசத்தைத்தான் அவருக்கு எழுதியிருந்தாள். ஒன்றரை ஆண்டு ஆகியும் அவர் வரவில்லை. கடைசி ஏழு மாதங்களாகக் கடிதமும் இல்லை. நீலகிரியில் வேலைக்குச் சேர்ந்திருந்த அவள் அண்ணன் வந்து, "அவன் அங்கன வேற குடும்பம் பாத்திருப்பான். சாமானைக் கட்டு, போவோம்" என்று சொல்லி ஒரு வாரம் தவணை கொடுத்திருந்தார். அவள் போய்விட்டால், அவர் வந்து தட்டும் கதவுக்குப் பின்னால் யாரும் இருக்கமாட்டார்கள்.

அந்த வாரம்தான் முதன்முறையாக நீளமான படம், நான்கு டப்பாக்கள். மலை ஈரத்தில் பழைய காகிதங்கள் உரிந்துபோயிருந்ததால், மூட்டைக்கு அடையாளம் போடும் கறுப்பு மையால் வியாபாரியே டப்பாக்களின் மேல் வரிசை எழுதி வைத்திருந்தார்.

"பாப்பா, வரிசையா எடுத்துக் குடும்மா, வெரசா" என்று இருட்டிலிருந்து கை நீட்டினார்.

இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதிய டப்பாக்கள் இருந்தன. ஒன்று இல்லை. மீதியிருந்த டப்பாவில் 'லாபம்' என்று எழுதியிருந்தது. வழக்கமாகக் கடைசியில் அவர் ஒரு சின்ன வேடிக்கைப் படம் கொசுறாகப் போடுவார், அதுதான் இது என்று எண்ணிக்கொண்டேன். முதல் சுருள் வெளிநாட்டிலேயே தொலைந்திருக்கும் என்றும் முடிவு கட்டினேன். இரண்டை எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு மீன்பிடி ஊர். ஒருத்தி கரையில் நின்று கடலைப் பார்க்கிறாள். கணவன் போன படகு திரும்பவில்லை. குளிர்காலங்கள் கடக்கின்றன, அவள் தலை நரைக்கிறது. இன்னொருவன் வந்து கையைப் பிடித்து அழைக்கிறான், போக மறுக்கிறாள். நான்காம் சுருளின் இறுதியில் நரைத்த தலையுடன் அவள் தனியே பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். எழுத்து வந்தது. "முற்றும்" என்றேன்.

யாரும் எழுந்திருக்கவில்லை. தகரக் கூரைமேல் தூறல் விழுவது கேட்டது. கதவோரம் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. வேடிக்கைப் படமாவது சீக்கிரம் ஓடட்டும் என்று கடைசி டப்பாவைக் கொடுத்தேன்.

சுவரில் அதே ஊர் தெரிந்தது. அதே வீடு. கதவு திறக்க, கணவன் வாசலில் நின்றான். குனிந்து காலணியைத் தட்டினான். நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான்.

"வந்துட்டான்டி" என்று ஒரு குரல் கேட்டது. பூம்பாறை அம்மா என் பக்கம் திரும்பினார். "முற்றும்னு சொல்லி எங்களை ஏமாத்திப்புட்டியே தாயி."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கிட்டங்கியில் மூட்டையோ மரக்காலோ எண்ணும்போது முதலாவதை ஒன்று என்று சொல்லமாட்டார்கள். லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணுவார்கள். சுவரில் ஓடியது படத்தின் முதல் சுருள், கல்யாணமான புதிது. சுவரில் வந்த ஆங்கில வரி அதைத் தெளிவாகவே சொன்னது. அதைத் தமிழாக்கிச் சொல்ல வேண்டியவள் நான். எல்லோரும் கண்ணைத் துடைத்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்று முதல்முறையாக ஒரு வரியைச் சொல்லாமல் விட்டேன்.

மறுநாள் காலை வியாபாரி எங்கள் வீட்டு வாசலில் நின்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்தப் புள்ள அண்ணனத் திருப்பி அனுப்பிருச்சு. படம் பாத்துட்டு வந்த தெம்புங்க." என்னைக் கண்டதும், "படிக்கிற புள்ள, லாபம்னா ஒண்ணுன்னு தெரியாதாம்மா?" என்றார்.

"பூண்டுக்குத் தெரியும் மாமா. படத்துக்குத் தெரியல."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பிழையை நம்பி ஒருத்தி வாழ்க்கையை முடிவு செய்திருக்கிறாள். நேரே கிட்டங்கிக்குப் போனேன். அவள் பூண்டுக் குவியலின் முன் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நேத்து ஒரு தப்பு நடந்துருச்சு. கடைசியில போட்டது முதல் சுருள். அவன் திரும்பி வரல. படகுல போறதுக்கு முன்னாடி நடந்ததத்தான் நாம பாத்தோம்."

அவள் கை நிற்கவில்லை. "தெரியும் தங்கச்சி."

"தெரியுமா?"

"அந்தப் பொம்பளைக்கு நடுவுல எம்புட்டு நரை. கடைசியில தல கருகருன்னு இருக்கு. இருவது வருசம் கொழுந்து பறிச்ச கண்ணு இது. எளசு எது, முத்தல் எதுன்னு தெரியாதா?"

"அப்புறம் ஏன் அண்ணனை அனுப்பினீங்க?"

அவள் பொறுக்கிய பூண்டைக் கூடையில் போட்டாள். "எனக்கு அவரு மொகமே மறந்துபோச்சு தங்கச்சி. கப்பலேறையில ஒரே கூட்டம், சோதனை, மூட்ட முடிச்சு. திரும்பிப் பாக்கக்கூட விடல. ராத்திரி பகலா நெனச்சுப் பாக்குறேன், மொகம் வரல. அண்ணன் சொல்லச் சொல்ல, அப்பிடியும் இருக்குமோன்னு ஆயிருச்சு. நேத்து அந்தாளு வாசல்ல குனிஞ்சு தட்டிட்டு நிமுந்து பாத்தான்ல? எங்க ஆளும் தோட்டத்து லயத்து வீட்டு வாசல்ல கால்ல ஏறின அட்டையத் தட்டிவிட்டுட்டு அப்பிடித்தான் நிமுருவாரு. அப்பிடிப் பாக்குற ஆளு வராம இருக்கமாட்டாரு. வர முடியாம இருப்பாரு. அது வேற."

நான் பிறப்பதற்கு முன்பே எடுத்த படம் அது. அந்த நடிகனின் மொழி அவளுக்குத் தெரியாது. அவன் இன்று உயிரோடு இருக்கிறானா என்பதுகூடத் தெரியாது. அவன் பேசியிருந்தால் வேறொரு நாட்டின் ஆளாக இருந்திருப்பான். பேசாததால், அவள் வீட்டு வாசலில் வந்து நிற்க முடிந்தது. நான் அருகில் உட்கார்ந்து, சிறு பூண்டைத் தனியாகப் பொறுக்கிப் போட்டேன்.

அடுத்த ஞாயிறு படத்தை ஒழுங்கான வரிசையில் போட வியாபாரி முயன்றார். பூம்பாறை அம்மா விடவில்லை. "போன வாரம் ஓட்டுன மாதிரியே ஓட்டுங்க பாய். நல்லாத்தானே இருந்துச்சு." அந்தக் கோடை முழுவதும் லாபம் கடைசியில்தான் ஓடியது. நான் "முற்றும்" என்று சொல்லும்போதெல்லாம் யாராவது, "முடியல, முடியல, நீ அடுத்த டப்பாவ எடு" என்பார்கள்.

அடுத்த கோடை விடுமுறைக்கு வரும்போது, பெருமாள்மலையில் பேருந்து நின்றது. அவள் ஏறினாள். பின்னால் ஒல்லியான ஒருவர், கையில் குடையுடன் ஏறினார். அவள் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, "அவருதான்" என்று மட்டும் சொன்னாள். தை மாதமே வந்துவிட்டாராம். கடிதங்கள் எங்கோ தேங்கிப்போயிருந்தனவாம்.

அந்த ஞாயிறு இருவரும் ஒரே சாக்கில் உட்கார்ந்தார்கள். வழக்கம்போல் இரண்டாம் டப்பாவை எடுத்தேன்.

"தங்கச்சி, இன்னிக்கு லாபத்துலருந்தே போடச் சொல்லுங்க" என்றாள்.

இந்த முறை பூம்பாறை அம்மா தடுக்கவில்லை. கதவு திறந்தது, கணவன் வந்தான், படகு போனது, குளிர்காலங்கள் வந்தன. வரிகளை எல்லாம் விடாமல் சொன்னேன். நான்காம் சுருள் ஓடி முடிந்து, நான் "முற்றும்" என்றபோது அவள் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். கணவர் எழுந்து சாக்கை உதறி மடித்தார்.

"வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.