கட்டம் போடாத தீவுகள்

1. நான் பிறந்த அந்தமான் தீவுகளை நானே மேற்கே நகர்த்திச் சென்னைக்குப் பக்கத்தில் வைத்தேன்.
2. அவை இடம் மாற்றப்பட்டவை என்று தெரிய, சுற்றிலும் கட்டம் போட்டேன். மேலதிகாரி எடுக்கச் சொன்னார்.
3. அம்மா படுத்துவிட்டாள் என்று போர்ட் பிளேரிலிருந்து தந்தி வந்தது.
4. லீவு கேட்டேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் எனக்கு வேலை. தமிழ்நாடும் அந்தமானும் எங்கள் விற்பனைப் பகுதி. விற்பனைக் கணக்கைத் துளை அட்டைகளில் ஏற்றினால், புள்ளிவிவரப் புரோகிராம் அதை வரைபடமாக அச்சடித்துத் தரும். தீவுகளை அவற்றின் இடத்திலேயே விட்டால் தாளில் பாதி வெறும் கடல். மாவட்டங்கள் நெல்மணி அளவுக்குச் சுருங்கிவிடும். அதனால் தீவுகளின் தீர்க்கரேகையில் பத்துப் பன்னிரண்டு டிகிரி கழித்தேன். வட முனை சென்னைக்கு எதிரேயும் போர்ட் பிளேர் கடலூருக்கு எதிரேயும் வந்து நின்றன. கட்டம் இருந்தால் பார்க்க அசிங்கம் என்றார் மேலதிகாரி. கட்டமில்லாத படம், வருகையும் லீவும் பதியும் டைம் ஆபீஸ் சுவரில் ஏறியது.

நம் தீவில் இதைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும்: நாம் தூரத்தை மைலில் சொல்வதில்லை. கப்பல் வந்ததா என்றுதான் கேட்போம். சிறுவயதில் கப்பல் நாளன்று ஹாடோ ஜெட்டியில் ஊரே நிற்கும். அதை விட்டவர் அடுத்த கப்பல்வரை வாயை மூடிக் காத்திருப்பார். இங்கே ஒரு பஸ் போனால் பின்னாலேயே இன்னொன்று. காத்திருப்பது என்றால் என்னவென்றே தெரியாத இந்த ஊரை எனக்குப் பிடித்ததே இல்லை.

லீவு எழுதும் கிளார்க் பாரிவாக்கத்துக்காரர். ஒரு மாதம் வேண்டும் என்றதும் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்.

"இன்னாமா, கைய நீட்னா எட்ற தூரத்துல கீது. இதுக்குப் போயி ஒரு மாசமா?"

படத்தில் நான்தான் நகர்த்தி வைத்திருக்கிறேன், கப்பலிலேயே நாலைந்து நாள் ஆகும், திரும்பும் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும் என்று விளக்கினேன்.

"நீயே நவுத்தினன்ற. பொய்ப் படத்த சொவுத்துல ஒட்டிட்டு, லீவுக்கு மட்டும் நெசம் பேசுறியா?" என்றவர், பக்கத்து மேசையைப் பார்த்து, "அந்தமானுக்குப் போனவன் என்னிக்கு மாமே சீக்கிரம் திரும்பிக்கீறான்?" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. ஒரு வாரம் எழுதித் தந்தார்கள். மேலதிகாரியிடம் போனேன். படத்தைத் தள்ளி வைக்கச் சொன்னவரே, விதி விதிதான் என்றார்.

அடுத்த கப்பலில் ஏறிவிட்டேன். அம்மாவுக்கு வலது பக்கம் விழுந்திருந்தது. இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து, திரும்பிப் போக எப்போது கப்பல் என்று கேட்டாள். வந்த நாளிலேயே கேட்டாள்.

இப்போதைய நிலவரம் இது. அம்மா உயிரோடு இருக்கிறாள். ஒரு வாரம் தாண்டித் திரும்பியதால் என் பெயர் கம்பெனியில் இல்லை. சென்னையை அடுத்த காட்டுப்பாக்கத்தில் வாடகை அறையில் இருந்துகொண்டு வேறு வேலை தேடுகிறேன். அம்பத்தூரில் அந்தச் சுவரில் என் ஊர் இன்னும் சென்னையை ஒட்டியே இருக்கிறது. கட்டம் இல்லை.