அரை வீசைப் பனி

பேத்தி வாரப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டே உரக்க வாசித்தாள். கிறிஸ்மஸ் விருந்து மேசையைச் செலவில்லாமல் அழகுபடுத்துவது எப்படி? முதல் யோசனையே பஞ்சு. பிய்த்துத் தூவினால் பனி பெய்தது போல இருக்குமாம். சிரித்ததில் எனக்குக் காப்பி புரையேறிவிட்டது. இதை எழுதிய புண்ணியவதி என் கதையைக் கேட்டிருந்தால் அந்த வரியை அடித்திருப்பாள்.

உங்களிடம் சொல்வதற்கென்ன. யுத்த காலம். ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். இருபத்துநாலு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. சம்பாதிக்கிற பெண் சொன்ன பேச்சுக் கேட்காது என்று ஏற்கெனவே இரண்டு வரன்கள் நழுவிப் போயிருந்தன. அப்புறம் இராஜபாளையத்திலிருந்து ஒரு இடம். தகப்பனும் மகனும் மில்லில் வேலை. கிறிஸ்மஸ் மதியச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். இதுவும் போனால் இனி யாரும் படியேற மாட்டார்கள் என்று அம்மா அழுதாள். வெளியில் காட்டிக்கொள்ளவில்லையே தவிர, எனக்கும் அதே பயம்தான்.

பயந்தவள் சும்மா இருந்திருக்கலாம். பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார அம்மாள் கொடுத்த வாழ்த்து அட்டையில் ஒரு விருந்து மேசை இருந்தது. அதைப் பார்த்து ஆரம்பித்தேன். எங்கள் வீட்டில் மேசையே கிடையாது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் துணி வெட்டுகிற மேசையை இரவல் வாங்கி, அம்மா ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டும் வெள்ளைச் சேலையை விரித்தேன். அட்டையில் சிவப்புப் பழத்தோடு ஏதோ முள் இலை. நம்மூர் வேலியில் அதற்கு ஈடு தூதுவளை. மிச்சம் பனிதான். மெத்தைக்குப் பஞ்சு கொட்டுகிறவரிடம் அரை வீசை வாங்கி, பூப்பூவாகப் பிய்த்துப் பரப்பினேன்.

"ஏட்டி, சோறு திங்கிற எடத்துல பஞ்ச எதுக்குப் பரப்புத?" என்றாள் அம்மா.

"ஒனக்கு ஒண்ணும் வெளங்காதும்மா. சீமையில இப்பிடித்தான்."

ரயிலில் வந்து இறங்கினார்கள். சலவைச் சட்டை, எண்ணெய் வழிய வாரிய தலை. மேசையைப் பார்த்ததும் பெரியவர் அப்படியே நின்றுவிட்டார். அழகில் மயங்கிவிட்டாராக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஜெபம் முடிந்து முதல் கவளத்தை எடுக்கும்போது மேற்கு ஜன்னல் வழியாக மலைக்காற்று வந்தது. கறிக்குழம்பில் பனி, சோற்றில் பனி, பெரியவர் மீசையில் பனி.

அவர் வாயிலிருந்து ஒரு இழையை உருவிப் போட்டார். "வருசம் பூரா இதத்தாம்மா திங்கோம். இத ஒதறிட்டு வரணும்னுதான் ரெண்டு வாட்டி குளிச்சோம்."

அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். இந்த வரனும் போச்சு, அதுவும் நானே வாங்கிவந்த பஞ்சால்.

மகன் மட்டும் தலை நிமிரவில்லை. இலையில் விழுந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்து, நான் பார்க்காத நேரமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். நான் பார்க்காமலா இருப்பேன்? வெள்ளைச் சட்டையில் குழம்புக் கறை இறங்கிக்கொண்டிருந்தது. தகப்பனும் பார்த்துவிட்டார்.

"ஏலே, மில்லுல பஞ்சத் திருடுனா சீட்டக் கிழிச்சிருவாவ. பொண்ணு வீட்டுல திருடுதியே, ஒன்ன என்ன செய்ய?"

அடுப்படிக்குள்ளிருந்து அம்மாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது. "இலையத் தரையில போடுங்கம்மா, எல்லாரும் உக்காருவோம்" என்றார் பெரியவர். தை மாதமே கல்யாணம்.

அதற்கப்புறம் எங்கள் கிறிஸ்மஸ் மேசையில் எது வேண்டுமானாலும் வைக்கலாம், பஞ்சு கூடாது. அது என் வீட்டுக்காரர் போட்ட சட்டம். சட்டம் போட்டவரே ஷிப்டு முடிந்து வரும்போது தலையிலும் புருவத்திலும் கொண்டுவருவார். வாசலில் நிறுத்தித் துண்டால் தட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவேன். தட்டினால் போவது தலையில் இருந்தது மட்டும்தான். உள்ளே போனது இருமலாக இருந்தது.

மில் சங்குச் சத்தம் இப்போது இல்லை. தையல்காரர் வீட்டை இடித்துக் கடை கட்டிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் போன அன்று, வழக்கப்படி மூக்கில் வைக்க யாரோ பஞ்சு உருட்டிக்கொண்டு வந்தார்கள். நான் வைக்கவிடவில்லை.