ஊசி நானா அனுப்பிய சேதி

பவாஸ் நானாவின் வலது கை தோள் வரை பசுவுக்குள் இருக்கிறது. கண்களை மூடிக்கொண்டு, சினையா என்று விரல்களால் பார்க்கிறார். பசு காலைத் தூக்கினால், "சும்மா நில்லு புள்ள, எனக்கும் இது ஆசையில்ல" என்பார்.

பதுளையிலிருந்து மோட்டார் சைக்கிளில் தெமோதரைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வருகிறவர். பருவத்துக்கு வராத மாடுகளுக்கு ஊசி போடுவது தொழில். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அவருக்குப் பெயரே ஊசி நானா, அதாவது ஊசி அண்ணன். அம்மாடி, அந்தப் பை! மருந்துக் குப்பிகளுக்கு நடுவே சவர்க்காரம், மாட்டுக்கு வெல்லம், தனக்கு மீன் அடைத்த ஒரு மாலுபணிஸ்.

மருந்தைப் பற்றிக் கேட்டால் உற்சாகமாகத் தொடங்குவார்: "வகுத்துல கண்டு, அதான் கன்று, இல்லாட்டி கர்ப்பப்பையே ஒரு சேதி அனுப்பும், அடுத்த பருவத்துக்குப் போ எண்டு. கண்டு இரிந்தா அதுவே அந்தச் சேதிய மறிச்சிரும். இந்த ஊசியும் அதே சேதிதான். ஆனா இத மறிக்க அந்தச் சின்னக் கண்டால ஏலாது." அத்தோடு பேச்சு நின்றுவிடும். ஏன் என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

போன வருடம் இராக்கம்மாவின் பசு சிவப்பிக்கு அதே ஊசியைப் போட்டார். கொழுந்தெடுக்கும் இராக்கம்மா மாரியம்மன் மேல் சத்தியம் செய்தார்: "காளை பக்கமே போகலைங்க நானா." மழை கொட்டியது, நானா கை விட்டுப் பார்க்கவில்லை. உண்மையில் சிவப்பி கயிறறுத்துத் தேயிலைக்குள் போய்க் காளையோடு சேர்ந்து அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது. தேயிலையில் மாடு இறங்கியது தோட்டத்தை நடத்தும் துரைக்குத் தெரிந்தால் லயத்தைவிட்டே அதைக் கிளப்பச் சொல்வார் என்ற பயத்தில் இராக்கம்மா மறைத்துவிட்டார். மூன்றாம் நாள் கன்று கலைந்து விழுந்தது, விரல் நீளம். அதே லயத்தில் இருக்கும் எனக்கு இருவர் மேலும் கோபம்தான். அவர்கள் முகத்தைப் பார்த்தால் திட்ட வாய் வரவில்லை.

அதன் பிறகு சிவப்பிக்குச் சினை பிடிக்கவேயில்லை. இந்த முறையும் தவறினால் இறைச்சிக்குத்தான்.

இன்று சிவப்பிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தவர், "ஒண்டுமில்ல, வெறும் வகுறு" என்றார்.

"கட்டின கயித்த அவுக்கவே இல்லைங்க நானா. இந்த மொறை பொய் சொல்ல மாட்டேன்." இராக்கம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"அண்டைக்கு நான்தானே பார்க்காம விட்ட. ஒங்கள நம்புறன் தங்கச்சி."

ஊசியில் மருந்தை ஏற்றினார். சிவப்பியின் தொடை வரை போன கை அங்கேயே நின்றது. ஊசியைப் பையின் மேல் வைத்துவிட்டு, இன்னொரு கையுறையை எடுத்துத் தோள் வரை இழுத்து மாட்டினார்.