முதுகுக்குப் பின்னால் ஒரு கை

விளம்பரப் படங்களைக் கம்ப்யூட்டரில் திருத்துவது அவன் வேலை. ஆபீஸில் வைத்த பட்டப்பெயர் துடைப்பம். எந்த அழுக்கைக் கொடுத்தாலும் பெருக்கித் தள்ளிவிடுவான். கீறல் விழுந்த குக்கர் அவன் கைபட்டால் கண்ணாடியாக மின்னும். நசுங்கிய சோப்பு நிமிர்ந்து உட்காரும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சம்பளம் தருகிறார்கள் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். வேலை, வீடு, ஞாயிற்றுக்கிழமையானால் தங்கை வீடு. எந்த வம்புதும்புக்கும் போகாத ஆள்.

அந்தச் சிரிப்பு போனது, குழந்தைகளைக் குளிப்பாட்டும் நாற்காலியின் படம் வந்த பிறகுதான். தொட்டித் தண்ணீருக்குள் வைக்கிற சின்ன பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஒரு குழந்தை பொக்கை வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தது. அதன் முதுகைத் தாங்கியபடி அம்மாவின் கை. கட்டைவிரலில் பழைய சூட்டுத் தழும்பு. கையை எடுத்தால் குழந்தை சரிந்துவிடுகிறது என்று போட்டோ எடுத்தவர் சொல்லியிருந்தார்.

"கையை அழிச்சிரு," என்றார் மேனேஜர்.

"சார், குழந்தை தானா உக்காந்திருக்கிற மாதிரி ஆயிடுமே."

"அதுக்குத்தானப்பா நாற்காலி! கையும் வேணும்னா எவன் வாங்குவான்?"

அழித்தான். கை இருந்த இடத்தில் தண்ணீரை நிரப்பி, ஒரு சின்ன அலைகூட வைத்தான். மகா கெட்டிக்காரன். அன்றிலிருந்து அந்தக் கை அவனை விடவில்லை. முகம் கழுவக் குனிந்தால் வாளித் தண்ணீருக்குள் தழும்போடு கிடந்தது. பஸ்ஸில் யாரோ முதுகைத் தாங்குவது போலிருக்கும். திரும்பினால் வெறும் கம்பி. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. படம் அச்சாகி, அட்டைப்பெட்டியில் ஏறி, கடைக்குப் போய்விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குள் நுழைந்தபோது குளியலறைக் கதவு திறந்திருந்தது. தொட்டியில் அதே நாற்காலி. அதில் தங்கையின் ஆறு மாதப் பையன் தனியாக உட்கார்ந்திருந்தான். அவள் உள்ளறையில் துண்டு தேடிக்கொண்டிருந்தாள். அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் பாய்ந்து, குழந்தையின் முதுகில் கையை வைத்தான்.

"என்னண்ணா, பேயைப் பாத்த மாதிரி ஓடி வர்றே?" துண்டும் கையுமாக வந்தவள் சிரித்தாள். "பெட்டியில பாரு, அந்தக் குழந்தை எவ்வளவு சமத்தா உக்காந்திருக்கு! கையை எடு, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

"எடுக்க மாட்டேன்." அவன் கை குழந்தையின் முதுகிலேயே இருந்தது. "அந்தப் படத்துலயும் ஒரு கை இருந்துச்சு. நான்தான் அழிச்சேன்."

அவள் குழந்தையை வாரி எடுத்து, ஈரத்தோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டாள்.

"முந்தாநாள் சரிஞ்சு தண்ணி குடிச்சுட்டான்," என்றாள். "எனக்குத்தான் சரியா உக்கார வைக்கத் தெரியலேன்னு நெனச்சு, யார்கிட்டயும் சொல்லாம அழுதேன். இன்னிக்குப் பெட்டிப் படத்தைப் பாத்து அதே மாதிரி உக்கார வச்சேன்."

தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான், அவள் விடவில்லை.

"பக்கத்து வீட்டு அக்காவும் நேத்து இதையேதான் வாங்கினாங்க. நான் சொல்லித்தான். எழுந்திரு, போய் நீயே சொல்லு."

எழுந்து போனான். அந்தக் கதவைத் தட்டியபோது உள்ளே தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.