மூடிச் சத்தத்துக்கு எழாத வாத்துகள்

மாசிக் கடைசியில் அவலூர்பேட்டைச் சந்தையில் மாட்டுக்கு மூக்கணாங்கயிறு வாங்கிக்கொண்டிருந்தேன். ஜினதாச நயினாரின் தங்கை மகன் சைக்கிளில் வந்து என் முன்னால் இறங்கினார். செஞ்சியிலிருந்து மிதித்து வந்திருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "மாமா போயிட்டாருங்க. காத்தால ஏழு மணிக்கு" என்றார்.

செத்த செய்தி கேட்டவன் எப்படி, என்ன ஆச்சு என்று கேட்பான். என் வாயில் வேறு வந்தது. "சாப்ட்டாரா?" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சாவுச் செய்தியிலும் இந்த ஆளுக்குக் கிண்டல்தானா என்று நினைத்திருப்பார். ஆனாலும் பதில் சொன்னார். "நேத்து மத்தியானம் சாப்ட்டதுதான்."

ஏன் அப்படிக் கேட்டேன் என்று இதுவரை யாருக்கும் தெரியாது. நயினாரின் மகன் நினைவு மலர் போடுகிறார். நாலு வரி எழுதுங்கள் என்றார். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். நாலு வரியில் அடக்கத் தெரியவில்லை. அவரை அறிந்தவர்கள் பொறுத்துக்கொண்டு கடைசிவரை படிக்கவேண்டும்.

செஞ்சிக் கடைத்தெருவில் நயினாரிடம் உப்பும் புளியும் வாங்காதவர்கள் குறைவு. அவருக்கு இருபது வருஷம் வண்டி ஓட்டியவன் நான். எங்கள் இருவருக்கும் ஒரே வயது. அவர் சமணர், எந்த உயிரையும் நோகடிக்கமாட்டார், மண்ணுக்கடியில் விளையும் கிழங்கைத் தொடமாட்டார். நான் எல்லாவற்றையும் தொடுவேன். ஒருநாள் கடையில் நாலு பேர் நிற்கும்போது வேர்க்கடலையைச் சொல்லி அவரை மடக்கிவிட்டதாக நினைத்தேன்.

"ஏன் நயினாரே, மல்லாட்டை மட்டும் ஆகாசத்துலயா காய்க்குது? அத மட்டும் நல்லா மொக்குறீங்களே?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "பூ மேலதான்யா பூக்குது. காய் வெக்க வெக்கப்பட்டுக்கினு மண்ணுக்குள்ள போவுது. வெக்கப்பட்டுது, கிழங்காயிடுமா?" என்றார். நின்றவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவரிடம் நான் தோற்ற கதைகளே அதிகம்.

பொழுது சாய்ந்தால் அவர் வாயில் பச்சைத் தண்ணீரும் படாது. விளக்கு வெளிச்சத்தில் உண்டால் பூச்சி விழும், உயிர் போகும் என்பது அவர்கள் வழக்கம். செஞ்சியில் இருக்கும்போது அவருக்குக் கடிகாரம் வேண்டாம். ராஜகிரி மலையின் நிழல் கடைத்தெருவைத் தொட்டதும் கல்லாவை விட்டு எழுந்து வீட்டுக்குப் போய் உண்டுவிடுவார். மரக்காணத்துக் கடற்கரையில்தான் சிக்கல். அங்கே மலை ஏது? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். அந்த வழியில்தான் நான் புகுந்து கெடுத்தேன்.

வருஷா வருஷம் மாசியில் உப்பளத்தில் புது உப்பு வாரத் தொடங்கியதும் நாங்கள் வண்டி கட்டுவோம். போக இரண்டு நாள். உப்பு ஏற்ற அரை நாள் போதும். நயினார் மட்டும் மூன்று நாள் தங்குவார், பறவை பார்க்க. கழுவெளி ஏரித் தண்ணீர் கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மணல்மேடு. காலையில் கடலைப் பார்த்து உட்காருவார். ஆலாக்கள் காற்றில் நின்று நிதானித்து, பொத்தென்று தலைகீழாகத் தண்ணீரில் விழும். கடற்காகங்கள் வலை இழுக்கும் இடத்தில் சண்டை போடும். உள்ளான்கள் அலை பின்வாங்கும்போது துரத்தி, அலை வரும்போது ஓடிவரும். அதையே ஒருமணி நேரம் பார்ப்பார். மத்தியானத்துக்கு மேல் திரும்பி, கழுவெளியைப் பார்த்து உட்காருவார். அங்கே நடுத்தண்ணீரில் வாத்துகள் பாய் விரித்த மாதிரி கிடக்கும். கிளுவை, ஊசிவால் வாத்து, கரையோரச் சேற்றில் பூநாரை.

வெயிலில் கண் கூசும் என்று செய்தித்தாளைக் குழாயாகச் சுருட்டி ஒரு கண்ணில் வைத்துக்கொள்வார். நான் சும்மா இருப்பேனா?

"உள்ள இன்னா படம் ஓடுது நயினாரே? சண்டையா, பாட்டா?"

"நீ வாய மூடிக்கினா பாட்டு கேக்கும்யா."

"உங்க ஊட்டு விருந்தாளிங்களா இதுங்க? இம்மாம் தூரம் வண்டி கட்டிக்கினு வந்து பாக்கறீங்க?"

அவர் குழாயைக் கீழே வைத்தார். "நாலு மாசம் நம்ம தண்ணியில இருந்துதுங்க. இப்ப பொறப்படற நேரம். வந்தவங்கள வாசல் வரிக்கும் போயி அனுப்பணுமில்ல? நமக்கு வாசல் இதான்."

"எங்க போவுதுங்க?"

"தெரியாது. தெரியாத ஊருக்குப் போறவங்களத்தான் நின்னு பாத்து அனுப்பணும்."

சாயங்காலச் சாப்பாட்டுக்கு அவர் வைத்திருந்த கடிகாரம் இந்த வாத்துகள்தான். பகலெல்லாம் தண்ணீரில் கிடப்பவை, பொழுது சாயும்போது ஒரே மூச்சாக எழுந்து இரை தேடப் போகும். அவை தண்ணீரில் இருக்கும்வரை உண்பார். எழுந்ததும் மூடிவிடுவார். "மேகம் சூரியன மறைக்கும். வாத்த யாரும் ஏமாத்த முடியாது" என்பார். மூடிய பாத்திரத்தை என் பக்கம் தள்ளுவார். "நீ சாப்டுய்யா. உனக்குத்தான் ராவும் பகலும் ஒண்ணு."

அவர் மனைவி பத்மாவதியம்மா கட்டித்தரும் புளிச்சோறு மூன்றாம் நாளும் கெடாது. வெங்காயம் பூண்டு இல்லாமல் அந்த வாசனை எங்கிருந்து வரும் என்று எனக்கு இன்றும் தெரியாது. ஒரு வருஷம் மேகம் மூடிய சாயங்காலம். அவர் பாத்திரத்தைத் திறக்கும் நேரம் பார்த்து, மாட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கரைக்கு அந்தப் பக்கம் இறங்கினேன். தலைக்கு மேலே துண்டை எடுத்து இரண்டு உதறு உதறினேன். வாத்துகள் மொத்தமும் எழுந்துவிட்டன. நயினார் வானத்தைப் பார்த்தார், ஒரு வாய்கூட உண்ணாமல் மூடினார், பாத்திரம் என்னிடம் வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு தின்றேன். அடுத்த வருஷமும் அதே மேகம், அதே துண்டு, அதே புளிச்சோறு. வாத்தை ஏமாற்ற முடியாது என்றவரை வாத்தை வைத்தே ஏமாற்றியதில் எனக்கு அப்படி ஒரு பெருமை.

மூன்றாவது வருஷம், அரிசிக்கு ஊரே அலைந்துகொண்டிருந்த வருஷம். அந்த அம்மா எப்படியோ தேற்றிக் கட்டிக்கொடுத்திருந்தார். கழுவெளிக் கரையில் ஒரு ஜீப்பு. துப்பாக்கியோடு நாலு பேர் காலையிலிருந்து காத்துக்கிடந்தார்கள். வாத்துகள் நடுத்தண்ணீரை விட்டு நகரவில்லை, குண்டு எட்டாது. நயினார் அன்று கடல் பக்கம் திரும்பவே இல்லை. ஆறு மணிநேரம் ஜீப்பையும் வாத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருங்கடா கண்ணுங்களா. எழுந்திருக்காதீங்க" என்று முணுமுணுத்தார். "இருட்டிட்டா இவனுங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

பொழுது இறங்கும் நேரம் ஜீப்பு கிளம்பும் சத்தம் கேட்டது. பனைமரங்களுக்குப் பின்னால் போய் மறைந்தது. "போயிட்டானுங்கய்யா!" என்று குழந்தை மாதிரி என் தொடையில் தட்டினார். முகமெல்லாம் சிரிப்பு. பாத்திரத்தை மடியில் எடுத்து வைத்தார். அன்றைக்கு அவர் பச்சைத் தண்ணீரும் குடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கரைக்கு அந்தப் பக்கம் இறங்கினேன். வானம் மூடியிருந்தது. துண்டை உதறினேன்.

அதே நேரம் அவர் பித்தளை மூடியைத் திறந்து பக்கத்திலிருந்த கல்மேல் வைத்திருக்கிறார். ணங் என்று சத்தம். வாத்துகள் எழுந்தன. பனைமரங்களைப் பார்த்துப் போயின. ஜீப்பு ஊருக்குப் போகவில்லை. இடம் மாற்றி அங்கே போய் நின்றிருந்தது.

எத்தனை தடவை சுட்டார்கள் என்று எண்ணவில்லை. வானத்திலிருந்து துணி மூட்டைகள் விழுவதுபோல விழுந்தன. ஒன்று மட்டும் எங்கள் மேட்டுக்குக் கீழே வந்து விழுந்தது. நீண்ட ஊசிவால், ஒரு பக்கச் சிறகு தொங்கியது. நயினார் வேட்டியோடு சேற்றில் இறங்கி அதைத் தூக்கிவந்தார். மேல்துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதன் கண் அவரையே பார்த்தது. கொஞ்ச நேரத்தில் எதையும் பார்க்கவில்லை.

நான் பக்கத்தில் நின்றேன். சொல்லியிருக்கவேண்டும். அவர் முந்திக்கொண்டார்.

"மூடிய கொஞ்சம் மெதுவா வெச்சிருக்கலாம்யா" என்றார்.

வாழ்நாளில் நான் வாயை மூடிக்கொண்ட ஒரே சாயங்காலம் அது. மணலைத் தோண்டிப் புதைத்தோம். பாத்திரத்தை வழக்கம்போல என்னிடம் தள்ளினார். வழியில் திண்டிவனம் தாண்டி, அவர் மூட்டைமேல் கண்ணயர்ந்த பிறகு, அந்தச் சோற்றைத் தின்றேன். தின்னவில்லை என்று எழுத ஆசைதான்.

அன்றிலிருந்து நயினார் ஒருவேளைதான் உண்டார். மத்தியானம் ஒரு பிடி, அதோடு சரி. கடைத்தெருவில் நீங்களெல்லாம், அவர் புண்ணியவான், விரதம் காக்கிறார் என்று கையெடுத்தீர்கள். காரணம் கேட்டால் சிரித்துவிட்டு உப்பை அளப்பார். ஒரு நாள் நானே கேட்டேன். "அதுங்க பொறப்படறதுக்குத் தின்னு தேறிக்கினு இருந்துதுங்க. நான் ஒரு வேளை விட்டா கொறஞ்சா போயிடுவேன்?" என்றார். குறைந்துதான் போனார். நாலு வருஷத்தில் அவர் சட்டைக்குள் இன்னொரு ஆளை நுழைக்கலாம் போலிருந்தது. நான் மட்டும் உப்பு ஏற்றப் போனேன். அவர் அந்த மேட்டுக்கு வரவில்லை.

போன தை மாதம் வயிற்றில் புண் என்றார் வைத்தியர். பொழுதோடு மூன்று வேளையாவது கொஞ்சம் கொஞ்சமாக உண்ணவேண்டும், வெறும் வயிறு ஆகாது என்று கண்டித்துச் சொன்னார். நயினார் கேட்கவில்லை. பத்மாவதியம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"அண்ணே, நான் சொன்னா சாமி பேச்சு பேசி அடக்கிடறாரு. நீங்க சொன்னா சிரிப்பாரு. சிரிக்கறப்ப ரெண்டு வாய் உள்ள போவும்."

அன்று நான் சிரிக்கவைக்கப் போகவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"நயினாரே, அன்னிக்கு மூடியால ஒண்ணும் ஆவல. நான்தான் கரைக்கு அந்தாண்ட நின்னு துண்ட ஒதறினேன்."

"எதுக்குய்யா?"

"புளிச்சோத்துக்கு."

என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பத்மா, இங்க வா! எனக்கு ஒரு வேளை சோறு போடறதுக்கு இந்த ஆளு இன்னா பொய்யி கட்டறான் பாரு. புளிச்சோத்துக்காம்!"

"பொய்யி இல்ல. என் மாட்டு மேல சத்தியம்."

"மாட்ட ஏன்யா இழுக்கற? அது இன்னா பண்ணிச்சி?"

"அதுக்கு முந்தி ரெண்டு வருசமும் ஒதறினேன், நயினாரே."

"நிறுத்துய்யா. ராஜகிரி உச்சியில புலி குட்டி போட்டிருக்குதுன்னு பாதி ஊர மலை ஏத்தினவன் நீ. என் சம்பந்தி கிட்ட, நயினார் ஊட்டுப் பரணையில வெங்காய மூட்டை இருக்குதுன்னு சொன்னவன் நீ. நம்பச் சொல்றியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதையும் கவனித்தார். "அழுவறது கூட நல்லாத்தான் வருது உனக்கு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லவன்யா நீ. எனக்காவ இதக்கூட உன் தலையில ஏத்திக்கப் பாக்கற. நான் வெச்ச மூடி, நான் கேட்ட சத்தம். அத உம்மேல எறக்கிட்டு நான் குந்தி சாப்ட முடியுமா?"

பிறகும் இரண்டு தடவை போய்ச் சொன்னேன். இரண்டு தடவையும் சிரித்தார். சோறு மட்டும் உள்ளே போகவில்லை.

அந்தப் பட்டினிதான் அவரைக் கொண்டுபோனதா? வைத்தியர் அப்படிச் சொல்லவில்லை. புண்ணுக்கு ஆயிரம் காரணம் என்றார். எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத்தான் நடுச்சந்தையில், மனிதன் செத்த செய்தி கேட்ட வாயால், சாப்பிட்டாரா என்று கேட்டேன்.

பங்குனி பிறந்ததும் பஸ் ஏறி மரக்காணம் போனேன். மணல்மேட்டில் உட்கார்ந்தேன். துண்டை நாலாக மடித்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டேன். என் கையை நான் நம்பவில்லை. கடல் பக்கம் ஆலாக்கள் விழுந்து எழுந்துகொண்டிருந்தன. கழுவெளியில் வாத்துகள் பாதிதான் இருந்தன. மற்றவை முன்பே புறப்பட்டிருக்கவேண்டும். பொழுது சாய்ந்தது. யாரும் எழுப்பாமல், அவற்றுக்குத் தோன்றிய நேரத்தில் எழுந்தன. ஒரு கூட்டம் மட்டும் இரைக்குத் திரும்பாமல் கோடாக நீண்டு கடல்மேல் வடக்கே போயிற்று. கண்ணுக்குத் தெரிகிறவரை நின்று பார்த்தேன். அவர் இருந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருப்பார்.

கடைத்தெருக்காரர்களே, பத்மாவதியம்மா, அவர் நம்பவில்லை, நீங்களாவது நம்புங்கள். நயினார் எந்த உயிரையும் எழுப்பிச் சாகவிடவில்லை. அவர் மூடிச் சத்தத்துக்கு ஒரு வாத்தும் எழவில்லை. அவர் பட்ட பட்டினி என்னுடையது. புலி, வெங்காயம் எல்லாம் பொய். இது பொய் இல்லை.

எல்லாரும் அவர் கொடுத்ததை நினைவாக வைத்திருப்பதாக எழுதுவீர்கள். என்னிடம் இருப்பது, நான் வாழ்க்கையில் ஒருமுறை உண்மையைச் சொன்னபோது அவர் சொன்ன ஒரு சொல்: நல்லவன்யா நீ. அது எனக்குச் சேரவேண்டியது இல்லை. திருப்பிக் கொடுக்கப் போனேன், அவர் வாங்கிக்கொள்ளவில்லை.